எழுப்பாதே என்று சொன்னவளுக்கு

என் தேவகிக்கு,

நலமா என்று தொடங்க முடியாத இடத்தில் இருக்கிறாய். அதை விட்டுவிடுகிறேன். இங்கே மார்கழி பிறந்து பத்து நாளாகிறது. வாலாஜாபாத் மண்டபத்தில் கல்யாணம் நடக்காத மாதம், ஒரகடத்தில் கம்பெனிகள் ஆண்டுக் கடைசி ஷட்டவுன் விடுகிற மாதம். இரண்டும் ஒன்றாக வருவதைக் கண்டுபிடித்து அந்த மண்டபத்தைக் கேட்டு வாங்கியவள் நீதான். இந்த வருஷமும் தியான முகாம் உண்டு, அதே ஐந்து நாள். நீ இல்லாத முதல் முகாம்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். நாளை முகாம் தொடங்குகிறது. எல்லாரும் மௌனத்துக்குள் போவதற்கு முன்பு அவர்கள் முன்னால் நின்று இதைப் படிக்கப்போகிறேன். உன்னைத் தெரியாத புது ஆட்களும் இருப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடாமல் கேள்.

காருக்குப் போகிற வயர்க் கட்டுகளைச் சோதித்து அனுப்புகிற லைனில் நின்றவள் நீ. பதினோராவது வருஷம் ஒரு நாள் மூச்சு முட்டி லைனிலேயே உட்கார்ந்துவிட்டாய். டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் டென்ஷன்" என்றார். கூட வேலை செய்கிற யாரோ சொல்லி, மலைப்பக்கம் இருக்கிற தியான மையத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினாய். பத்து நாள் பேசக் கூடாது, போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"நீயா? பத்து நாளா? டீ பிரேக்குக்குள்ள மூணு வூட்டு கதைய பேசி முடிக்கறவளாச்சே."

"நீ வேணா பாருய்யா" என்றாய்.

உன்னைக் கொண்டுபோய் விட்டவன் நான்தான். வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாய். டிரைவர் பொண்டாட்டிக்கு பஸ் ஒத்துக்காது என்று தெருவே சொல்லிச் சிரிக்கும். பத்து நாள் கழித்துக் கூட்டிவர வந்தபோது, ஏதோ பெரிய உபதேசம் செய்யப்போகிறாய் என்று பயந்துகொண்டே நின்றேன். கேட்டைத் தாண்டி வந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "இன்னாய்யா இப்டி எளச்சிப் போய்ட்ட, சோறே துன்னலியா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

தியானம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று புது ஆட்கள் யோசிப்பார்கள். குகையும் இல்லை, இமயமலையும் இல்லை. நீ சமையல்கட்டிலிருந்து வந்தாய். நாலு வருஷம் லீவு போட்டுப் போட்டு அந்த மையத்தில் பூசணிக்காய் நறுக்கினாய். அப்புறம் மணி அடிக்கிற வேலை, பெண்கள் பக்கம் பாய் போடுகிற வேலை. அதற்கும் அப்புறம் பெரிய ஆசிரியர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, வருகிறவர்களின் முட்டிவலியையும் அழுகையையும் ஓடிவிடலாமா என்ற கேள்வியையும் அவர் எப்படிக் கேட்டுக்கொள்கிறார் என்று பார்க்கிற வேலை. ஒன்பது வருஷம் கழித்து ஒரு நாள் அவர், "இனி நீங்க நடத்துங்க" என்றார். அதற்குப் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. மறுநாள் வழக்கம்போல் ஆறு மணி பஸ்ஸில் ஏறி லைனுக்குப் போனாய்.

அந்த ஒன்பது வருஷமும் எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் சொல்கிறேன். உன் லீவெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் போயிற்று. நான் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் நீ இருக்க மாட்டாய். ஒரு தடவை கத்தியே விட்டேன்.

"ஊர்ல கீறவனுக்கெல்லாம் காது குடுக்கற. எனக்கு எப்ப குடுப்ப?"

நீ கோபப்படவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாய். "பேசு, கேக்கறேன். நீ எங்க பேசற, சத்தம்தானே போடற" என்றாய். குழம்பில் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னேன்.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன். நாளைக்கு நான் பேச எழுந்து நிற்பதே அதற்காகத்தான்.

மண்டபத்தில் நீ நடத்திய முதல் முகாமில், நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் கண்ணை மூடின ஐந்தாவது நிமிஷமே தூங்கிவிட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள், ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கண் உள்ளே போனவர்கள். குறட்டைச் சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டதாம். மையத்திலிருந்து பார்க்க வந்திருந்த பெரிய ஆசிரியர், எல்லாரையும் தட்டி எழுப்பச் சொன்னார். நீ மாட்டேன் என்றுவிட்டாய். மணமேடையில் உன் பாய், அதற்குப் பின்னால் போன முகூர்த்தத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் பூ வளைவு. அதன் கீழே நின்று நீ சொன்னதை அன்று வந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"மொத நாள் யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. வருஷம் பூரா அலாரம் வச்சி எழுப்பிக்கினு கீறாங்க இவங்கள. இங்கயுமா எழுப்பணும்? தூங்கட்டும். தூக்கம் தீந்தப்பறம் தானா எழுந்து உக்காருவாங்க."

பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு வருஷம் உன்னை மையத்துப் பக்கமே நடத்தக் கூப்பிடவில்லை. நீ வருத்தப்பட்டாயா? என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரில் அதற்குத் தூக்க முகாம் என்று பெயர் வைத்தார்கள். நானும் என் பங்குக்கு, "என் பஸ்லயே நல்லா தூங்கறானுங்க, அதுக்கு எதுக்கு மண்டபம்?" என்றேன். ஆனால் முதல் நாள் தூங்கினவர்கள் இரண்டாம் நாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஐந்தாம் நாள் கண் திறந்து வெளியே வந்தபோது முகமே வேறாக இருந்தது. திரும்பக் கொண்டுபோய் விடுகிற பஸ்ஸை ஓட்டுகிறவன் நான், கண்ணாடியில் எனக்கு எல்லா முகமும் தெரியும்.

போன வருஷம் நானும் வந்து உட்கார்ந்தேன். நீ எத்தனை வருஷமாகக் கூப்பிட்டாய்! ஷட்டவுனில் வண்டியும் சும்மா நின்றது, சாக்குச் சொல்ல வழியில்லை. டிரைவர் முதுகு பாயில் உட்கார விடாது என்று கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தாய். முதல் நாள் நன்றாகத் தூங்கினேன், யாரும் எழுப்பவில்லை. இரண்டாம் நாள் காலையெல்லாம் வலித்தது. மூன்றாம் நாள் காலையில் நீ இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பேசக் கூடாது என்பதால் கண்ணாலேயே என்ன என்று கேட்டேன். வயிற்றைத் தட்டிக் காட்டி, வாயு என்று கையை விரித்துச் சிரித்தாய். முகாமுக்கு முந்தின மூன்று வாரமும் ஆண்டுக் கடைசி டார்கெட் என்று ஞாயிற்றுக்கிழமைகூட லைனில் நின்றவள். எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டாமா?

அன்று மத்தியானம் ஒரு மணி நேர உட்காருதல். அந்த ஒரு மணி நேரம் யாரும் அசையக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. எனக்குக் கண் மூடி இருக்க முடியவில்லை, திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். நாற்பது பேரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மணமேடையில் நீ. தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மார்பில் சாய்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, தேவகி. எல்லாரையும் தூங்க விட்டவள் கடைசியில் தானே தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டில் நான் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுவாய், நான் படுத்த பிறகுதான் படுப்பாய். நீ தூங்கி நான் பார்த்ததே அபூர்வம். ஊரையே உட்கார வைத்துவிட்டு என் பொண்டாட்டி அசந்து தூங்குகிறாள் என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடிக்கிற நேரம் வந்தது. மணி அடிப்பவள் பேச்சியம்மாள். தெற்கே கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவள், உன் கூடவே ஆறு வருஷம் முகாமில் நின்றவள். நீ கண்ணைத் திறந்து தலையசைத்தால்தான் அவள் மணி அடிப்பாள், அது நீங்கள் வைத்துக்கொண்ட வழக்கம். நீ தலையசைக்கவில்லை. அவள் எழுந்து மணமேடைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கையைக் காட்டினேன். வேண்டாம், தூங்குகிறாள் என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். பேச்சியம்மாள் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடிக்காததால் யாரும் எழவில்லை. ஆசிரியர் ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறார், நாமும் உட்கார்ந்திருப்போம் என்று எல்லாரும் நினைத்தார்களாம். வேறு எந்த இடமாக இருந்தாலும் நாற்பது பேரில் ஒருத்தராவது என்னம்மா ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பதே வேலையாக இருக்கிற இடத்தில் யார் கேட்பார்கள்? கால் மணி நேரத்துக்கும் மேல் போயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு அண்டா மூடி விழுந்தது. எல்லாரும் தூக்கிவாரிப்போட்டுக் கண் திறந்தார்கள். நீ திறக்கவில்லை. அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து மணமேடைக்கு ஓடினேன்.

உன்னை என் பஸ்ஸிலேயே காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனோம். அந்த ரோட்டில் அப்படி வண்டி ஓட்டியதே இல்லை. பேச்சியம்மாள் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பிழைச்சிருப்பாளா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். அவர் பிழைத்திருப்பாள் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், இல்லை என்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஒரு வருஷமாக அந்தச் சொல்ல முடியாதுங்க என்பதோடுதான் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாலாஜாபாத் கூட்ரோட்டில் உனக்குப் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். தியானத்திலேயே இறைவனோடு கலந்தார் என்று போட்டு, உன் படத்துக்குப் பின்னால் பனிமலை. காஞ்சிபுரம் தாண்டினாலே வாந்தி எடுக்கிறவளுக்குப் பனிமலை! துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "இந்த மாதிரி சாவு யாருக்குக் கெடைக்கும்? ஞானிங்க போற மாதிரி போய்ட்டாங்க" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். அவர்கள் அப்படிச் சொல்லச் சொல்ல, நான் கை காட்டியதைச் சொல்வதற்கு வாய் வரவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வேறொருத்தி அடி வாங்கினாள். நேரத்துக்கு மணி அடிக்காமல் விட்டவள் என்று பேச்சியம்மாளைப் பேசினார்கள். அவள் முகாம் கமிட்டிக்கு வருவதை விட்டுவிட்டாள். போன மாதம் கமிட்டியில் ஒரு புது விதி போட்டார்கள். இனி முதல் நாளிலிருந்தே யாரும் தூங்கக் கூடாது, இரண்டு பேர் சுற்றி வந்து தூங்குகிறவர்களின் தோளைத் தட்டி எழுப்ப வேண்டும். உன் சாவைக் காட்டியே அந்த விதியைப் போட்டார்கள். பெரிய ஆசிரியரோடு மல்லுக்கு நின்று நீ வாங்கிக்கொடுத்த ஒரே ஒரு நாள் தூக்கம், அதையும் நான் கை காட்டிக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

நித்யாவிடம்தான் முதலில் சொன்னேன். நம் பெண் உன்னை மாதிரியே சட்டென்று கோபப்படாதவள். முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ கை காட்டினியே, அப்ப அம்மா மூச்சு வுட்டுக்கினு இருந்தாளாப்பா?"

பார்க்கவில்லை, தேவகி. முகத்தைப் பார்த்தேன், சாய்ந்த தலையைப் பார்த்தேன், தலையில் இருந்த கனகாம்பரத்தைக்கூடப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவில்லை. மூன்று நாளாக நீ மேடையில் உட்கார்ந்து, மூச்சைப் பாருங்க, மூச்சைப் பாருங்க என்று எங்களுக்குச் சொன்னது அது ஒன்றைத்தான். நித்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, "பேச்சி அத்தைய போய் பாரு மொதல்ல" என்றாள்.

போனேன். ஹாஸ்டல் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் சொல்லியிருக்கணும் பேச்சி. உன்ன எல்லாரும் பேசறப்ப கம்முனு இருந்துட்டேன்" என்றேன்.

"நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல அண்ணே. பொண்டாட்டியப் பறிகுடுத்த மனுசன் தலையில இதையும் ஏத்தவா? நீங்க கை காட்டாட்டாலும் நான் எழுப்பிருக்க மாட்டேன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன்." குனிந்து முறத்தை எடுத்தாள். "அது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியல."

"நாளன்னிக்கி முகாமுக்கு வர்றியா? நான் எல்லாருக்கும் எதிர்ல சொல்லப் போறேன்."

"அங்க என்னை மணி அடிக்க விடுவாகளா?"

"நீதான் அடிப்ப" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள்.

அதனால் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற கமிட்டிக்காரர்களே, பெரியவரே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற நித்யா, என் பஸ்ஸில் வந்த பிள்ளைகளே: தேவகியை எழுப்ப வேண்டாம் என்றது பேச்சியம்மாள் இல்லை, நான். தேவகி போட்ட விதியும் அவளைக் கொல்லவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பாதே என்றுதான் அவள் சொன்னாள், பார்க்காதே என்று சொல்லவில்லை. பார்க்காமல் விட்டவன் நான். என் தப்புக்கு இந்தப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பிடுங்காதீர்கள். அந்த விதியை எடுத்துவிடுங்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இனி உன்னிடம் மட்டும். நீ இருந்தபோது உனக்குக் காது கொடுக்காதவன் நான். உன்னைத் தியானக்காரி என்று கிண்டல் செய்தே அத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டேன். இப்போது வீட்டுக்கு வந்தால் எதிரில் உட்கார்ந்து, பேசு கேட்கிறேன் என்று சொல்ல ஆளில்லை. பேசுவதற்கு எனக்கு எவ்வளவோ இருக்கிறது. கடைசியாக நீ மூக்கில் வைத்துக்கொண்டு வந்த எலுமிச்சம்பழம் பஸ்ஸின் டாஷ்போர்டு அறையில் கருத்துச் சுருங்கிக் கிடக்கிறது, எடுத்துப் போட மனசு வரவில்லை.

என்னால் கண்ணை மூடி உட்கார முடியாது, அது உனக்கே தெரியும். ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருப்பது என் தொழில். இந்த மார்கழியும், இனி நான் நடமாடுகிற வரைக்கும் வருகிற ஒவ்வொரு மார்கழியும், முதல் நாள் முழுக்க அந்த மண்டபத்தில் தூங்குகிறவர்கள் நடுவில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருப்பேன். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் குனிந்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கியது மறுபடி ஏறுகிற வரைக்கும் நின்று பார்ப்பேன். ஏறினால் எழுப்ப மாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ தூங்குகிறாய் என்று நினைத்த
உன் வீட்டுக்காரன்,
ஏகாம்பரம்